நெடுஞ்செழியன்: பெயரின் பொருள், பிறப்பு, அருமை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு நெடுஞ்செழியன் என்று பெயர் வைத்த நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. உறவினர் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள், பள்ளியில் சேர்க்கப் போனால் அங்கேயும் கேட்கிறார்கள். பிள்ளைக்கு இந்தப் பெயரை வைக்கலாமா என்று யோசிக்கிற பெற்றோர் சிலரும் விசாரித்தார்கள். எல்லாருக்கும் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நெடுஞ்செழியன் என்றால் என்ன பொருள்?

நெடிய புகழுடைய செழியன் என்பது பொருள். செழியன் என்பது பாண்டியரின் குடிப்பெயர்களில் ஒன்று. மாறன், வழுதி, பஞ்சவன், தென்னவன் என்று அவர்களுக்கு இன்னும் பல பெயர்கள் உண்டு. செழிப்பு, செழுமை என்று நாம் சொல்கிறோமே, அதே வேரிலிருந்து வந்தது செழியன். சோழனுக்கு வளவன் என்று ஒரு பெயர் இருக்கிறது. அது வளத்திலிருந்து வந்தது. வைகைக்காரனும் காவிரிக்காரனும் விளைச்சலையே பெயராகச் சூடியிருக்கிறார்கள்.

‘நெடு’ என்பது நெடுமை. நீளம், உயரம் மட்டும் அல்ல. பெருமை, மேன்மை, நீடித்து நிற்கும் புகழ் எல்லாம் அதில் அடங்கும். திருமாலை நெடியோன், நெடுமால் என்று சொல்வது இந்தப் பொருளில்தான். பெயர்ப் பட்டியல்கள் சிலவற்றில் ‘உயரமானவன்’, ‘நீண்ட செழிப்பு’ என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்க்கிறேன். அவை சொல்லைப் பிய்த்துப் போட்டு அடுக்கியவை. செழியன் ஒரு ஆளின் பெயர். நெடு அவனுக்கு அடை.

இது இரண்டு பெயரா, ஒரே பெயரா?

ஒரே பெயர். இலக்கணத்தில் பண்புத்தொகை. நெடுமை + செழியன் சேரும்போது ‘மை’ விகுதி கெட்டு ‘நெடு’ நிற்கிறது. பின்னால் வருவது ‘செ’ என்பதால் சகரத்துக்கு இனமான ஞகர மெய் நடுவில் தோன்றுகிறது. பண்புப் பெயர்கள் சேரும்போது நடக்கும் மாற்றங்களை நன்னூல் 136ஆம் நூற்பா வரிசையாகச் சொல்கிறது. அதில் இதற்கு ‘இனமிகல்’ என்று பெயர்.

இந்த ஒரு விதி தெரிந்தால் பழைய பெயர்கள் பலவும் பிடிபட்டுவிடும். பின்னால் ககரம் வந்தால் நெடுங்கிள்ளி, சகரம் வந்தால் நெடுஞ்சேரலாதன், தகரம் வந்தால் நெடுந்தொகை. மகரமோ வகரமோ வந்தால் எதுவும் மிகாது: நெடுமாறன், நெடுவேள். உயிர் வந்தால் வேறு கதை, நெட்டிலை என்பதைப் போல.

அதனால் ‘நெடுச்செழியன்’, ‘நெடுந்செழியன்’, ‘நெடுன்செழியன்’ எல்லாமே பிழை. நடுவில் இடம் விட்டு ‘நெடுஞ் செழியன்’ என்று எழுதுவதும் சரியில்லை. இடம் விட்டால் படிவங்களில் ‘நெடுஞ்’ முதற்பெயராகவும் ‘செழியன்’ குடும்பப்பெயராகவும் ஆகிவிடும். என் மகனுக்கு ஒரு சான்றிதழில் அப்படியே நடந்தது. திருத்தி வாங்க மூன்று தடவை நடந்தேன்.

ஏன் அந்தக் காலத்தில் இப்படிச் சேர்த்துச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்?

தேவை இருந்தது. ஒரு குடியில் பிறந்த எல்லாருக்கும் அதே நாலைந்து பெயர்கள்தான். எந்தச் செழியன், எந்தக் கிள்ளி என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? முன்னால் ஒரு அடை போட்டார்கள். சோழரில் நெடுங்கிள்ளி, நலங்கிள்ளி, பெருநற்கிள்ளி. பாண்டியர் பக்கம் பெருவழுதி, சேரர் பக்கம் செங்குட்டுவன்.

பிறகு அந்த அடைப்பெயரும் பலருக்குப் பொதுவாகிவிட்டது. அப்போது செய்த செயலையோ வென்ற போரையோ அதற்கும் முன்னால் கட்டினார்கள். ‘தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்’, ‘ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன்’ என்ற நீண்ட பெயர்கள் இப்படி வந்தவை. இன்று நாம் ‘மாடிவீட்டு முருகன்’, ‘வாத்தியார் மகன் முருகன்’ என்று பிரித்துச் சொல்வதும் இதே வழிதான்.

இந்தப் பெயருக்கு எவ்வளவு வயது?

மதுரைக்கு அருகே மாங்குளம் பக்கத்தில் ஒரு குன்று இருக்கிறது. அங்கே சமண முனிவர்கள் தங்குவதற்காகப் பாறையில் படுக்கைகள் வெட்டியிருக்கிறார்கள். மேலே தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். இராபர்ட் சிவெல் 1882இல் அவற்றைக் கண்டார். கணி நந்தன் என்ற முனிவருக்கு அந்த உறைவிடத்தைச் செய்து கொடுத்தவர்களைச் சொல்லும் இடத்தில் நெடுஞ்செழியன் என்ற பெயர் வருகிறது. ஒரு கல்வெட்டில் நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி. இன்னொன்றில் நெடுஞ்செழியனுக்குத் திருமணவழி உறவினனான ஒருவனின் பெயர். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணித்தார்.

அதாவது, ஏறத்தாழ 2,200 ஆண்டுகளாக இந்தப் பெயர் கல்லில் இருக்கிறது. ஒரு தமிழ் மன்னனின் பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று. அதே கல்வெட்டில் இளஞ்சடிகன் என்ற பெயரும் இருக்கிறது. இளமை + சடிகன், அங்கேயும் அதே ஞகர மெய். நன்னூல் எழுதப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், யாரோ ஒரு கல்தச்சன் உளியால் இந்தப் புணர்ச்சியைச் செதுக்கியிருக்கிறான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

எத்தனை நெடுஞ்செழியன்கள் இருந்தார்கள்? யார் யார்?

கல்வெட்டில் இருப்பவனைத் தவிர, சங்க இலக்கியத்தில் முக்கியமாக மூன்று பேர். இந்தப் பெயரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இவர்கள்தான். ஒவ்வொருவராகச் சொல்கிறேன்.

முதலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். புறநானூற்றில் 183ஆம் பாட்டு இவனுடையது. ‘உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும் பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே’ என்று தொடங்கும். ஆசிரியருக்கு உதவி வேண்டியபோது உதவு, பொருள் கொடு, பணிந்து நிற்க வெறுக்காதே, எப்படியாவது படி. சொல்கிறவன் ஒரு அரசன். ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளும் படித்த பிள்ளையின் பக்கம்தான் தாயின் மனம் சாயும் என்கிறான். கீழ்ப்பால் என்று சொல்லப்பட்டவன் கற்றுவிட்டால் மேற்பாலில் உள்ளவனும் அவனிடம் போய்க் கேட்பான் என்றும் முடிக்கிறான். படை வென்றதைப் பெயரில் வைத்திருந்தவன், பாட்டில் படிப்பைப் பற்றித்தான் பாடியிருக்கிறான்.

அடுத்து தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். சின்ன வயதில் அரியணை ஏறியவன். இவன் போருக்குப் போன கோலத்தை இடைக்குன்றூர் கிழார் பாடியிருக்கிறார். காலில் இருந்த கிண்கிணியை, அதாவது குழந்தைச் சலங்கையை, கழற்றிவிட்டு வீரர் அணியும் கழல் கட்டியிருக்கிறான். கழுத்தில் குழந்தைகளுக்குப் போடும் ஐம்படைத்தாலி இன்னும் இருக்கிறது. பாலை விட்டு இன்றுதான் சோறு உண்டான் என்கிறார். அந்தப் பையனை எதிர்த்து நின்றவர்கள் எழுவர்: சேரன், சோழன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன். இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள தலையாலங்காடுதான் அந்தப் போர்க்களம். எழுவரையும் வென்றான். மாங்குடி மருதனார் 782 அடிகளில் மதுரைக்காஞ்சி பாடியது இவன்மீதுதான். பல நூற்றாண்டு கழித்து வந்த பாண்டியரின் சின்னமனூர்ச் செப்பேடும் தலையாலங்கானத்து வெற்றியை மறக்காமல் சொல்கிறது.

மூன்றாமவன் நம்பி நெடுஞ்செழியன். இவனைப் பலருக்குத் தெரியாது. இவன் இறந்தபோது பேரெயின் முறுவலார் பாடியது புறநானூற்றின் 239ஆம் பாட்டு. நன்றாக வாழ்ந்தான், பூச்சூடினான், சந்தனம் பூசினான், நண்பர்களை உயர்த்தினான் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். வலியவர் என்று யாரிடமும் பணிந்து பேசவில்லை, மெலியவர் என்று யாரிடமும் உயர்த்திப் பேசவில்லை, பிறரிடம் இரந்ததில்லை, இரந்தவருக்கு இல்லையென்றதில்லை. செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டான், இனி அவன் உடலைப் புதைத்தால் என்ன, எரித்தால் என்ன, நடப்பது நடக்கட்டும் என்று பாட்டு முடிகிறது. ஒரு மனிதனைப் பற்றி இதைவிடப் பெரிய சொல் வேண்டுமா?

சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொன்ற பாண்டியனும் நெடுஞ்செழியன்தானே? அந்தப் பெயரையா பிள்ளைக்கு வைப்பது?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. என் மாமியாரும் பெயர் வைத்த அன்றே கேட்டார்கள்.

ஆமாம், அவனும் நெடுஞ்செழியன்தான். வட ஆரியர் படையைக் கடந்தவன் என்று சிலப்பதிகாரமே அவனைச் சொல்கிறது. பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான். பெரிய பிழைதான், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப் பரல் தெறித்ததும் அவன் என்ன செய்தான்? காவலரைக் கூப்பிடவில்லை. பொற்கொல்லன்மேல் பழியைத் தள்ளவில்லை. ‘யானோ அரசன்? யானே கள்வன்’ என்றான். அரியணையிலேயே உயிர் போயிற்று. கேட்டவள் யார்? படை இல்லாத, கணவனை இழந்த, வெளியூரிலிருந்து வந்த ஒரு வணிகப் பெண்.

இப்போது தலையாலங்கானத்து நெடுஞ்செழியன் பாடிய புறநானூறு 72ஐப் பாருங்கள். சின்னப் பையன் என்று என்னை எள்ளி நகையாடும் இவர்களை வெல்லாவிட்டால் எனக்கு என்ன நேரட்டும் என்று சூளுரைக்கிறான். முதலில் சொல்வது என்ன தெரியுமா? என் நிழலில் வாழ்பவர்கள் போக்கிடம் இல்லாமல், எங்கள் அரசன் கொடியவன் என்று கண்ணீர் விட்டுப் பழிதூற்றும் ஆட்சியை உடையவன் ஆகட்டும் நான். அப்புறம்தான் மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். உயிர் போகட்டும், நாடு போகட்டும் என்றெல்லாம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த பெரிய சாபம் குடிமக்களின் கண்ணீர்.

இருவருக்கும் இருந்த அச்சம் ஒன்றுதான். ஒருவன் அது நேரக்கூடாது என்று சூளுரைத்தான். இன்னொருவனுக்கு அது நேர்ந்துவிட்டது, தாங்கமுடியாமல் இறந்தான். தவறே செய்யாத மனிதனின் பெயர் எனக்குத் தேவைப்படவில்லை. தவறு தெரிந்த கணத்தில் ‘யானே’ என்று சொன்னவனின் பெயர் கிடைத்தது. மாமியாரிடம் இதைத்தான் சொன்னேன். இப்போது பேரனுக்கு அந்தக் கதையை அவர்கள்தான் சொல்கிறார்கள்.

நடுவில் மறைந்துபோன பெயர் மறுபடி எப்படி வந்தது?

சங்க காலத்துக்குப் பிறகு, மக்கள் வழக்கில் கடவுளர் பெயர்களும் வடமொழிப் பெயர்களுமே மிகுந்தன. நெடுஞ்செழியன் ஏட்டில் இருந்தான், வீட்டில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்ததும் (பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894) இந்தப் பெயர்கள் எல்லாம் அச்சில் வந்தன. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், பெயரும் தமிழில் இருக்கட்டும் என்றது. வேதாசலம் என்ற தம் பெயரை அவரே மறைமலை என்று மாற்றிக்கொண்டார். அடுத்த தலைமுறையில் சுயமரியாதை இயக்கத்து இளைஞர்கள் அதைப் பின்பற்றினார்கள்.

அப்படி மாற்றிக்கொண்டவர்களில் ஒருவர்தான் நாவலர் இரா. நெடுஞ்செழியன். 1920இல் திருக்கண்ணபுரத்தில் பிறந்தார். பெருமாள் கோயில் ஊர், வைத்த பெயர் நாராயணசாமி. அவர் தம்பி சீனிவாசன். அண்ணன் நெடுஞ்செழியன் ஆனார், தம்பி செழியன் ஆனார். நாடாளுமன்றத்தில் பேர்பெற்ற இரா. செழியன் அவர்தான். திருமாலின் பெயரை விட்டவர் சூடிக்கொண்ட சொல்லிலும், நெடியோனுக்கு உரிய அந்த ‘நெடு’ இருக்கிறது! நாவலர் 1967இல் அண்ணா அமைச்சரவையில் கல்வி அமைச்சர். அண்ணா மறைந்த 1969 பிப்ரவரியிலும், எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பரிலும் இடைக்கால முதலமைச்சராக இருந்தார். 2000இல் மறைந்தார். இன்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் இந்தப் பெயர் தெரிந்திருப்பதற்குச் சங்கப் பாட்டைவிட அவரே பெரிய காரணம்.

எவ்வளவு அரிய பெயர்? வகுப்பில் இன்னொருவன் இருப்பானா?

அநேகமாக இருக்கமாட்டான். எல்லாருக்கும் தெரிந்த பெயர், ஆனால் கூப்பிடக் கிடைக்காத பெயர் என்று சொல்லலாம். திராவிட இயக்க ஈடுபாடு இருந்த குடும்பங்களில் பெரியவர்கள் சிலருக்கு இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்செழியன், இனியன், முகிலன், செழியன் என்று வைப்பார்கள். நெடுஞ்செழியன் என்றால் தயங்குவார்கள். ‘ஆயிரத்தில் இத்தனை பேர்’ என்று இணையத்தில் வரும் கணக்கை நம்ப வேண்டாம். பிள்ளைகளின் பெயர்வாரியாக அரசு எண்ணிக்கை எதுவும் நம் நாட்டில் வெளியிடுவதில்லை.

ரொம்ப நீளமாக இல்லையா?

எண்ணிப் பாருங்கள். நெடுஞ்செழியன் 7 எழுத்து. முத்துக்குமாரும் 7 எழுத்துதான். பாலசுப்பிரமணியன் 10. அதையெல்லாம் யாரும் நீளம் என்று சொல்லவில்லையே! பழகாத பெயர் நீளமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். செய்யுளில் வைத்தால் நெடுஞ் – செழி – யன், மூன்றே அசை. யாப்பில் இதற்கு வாய்பாடு கருவிளங்காய். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அழகாக நடக்கும்.

எப்படி உச்சரிப்பது?

ஞகர மெய்க்குப் பின்னால் வரும் சகரம் மென்மையாக ஒலிக்கும். மஞ்சள், பஞ்சு, நெஞ்சு என்று சொல்கிறோமே, அதே ஒலிதான் நெடுஞ்செழியனிலும். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் ‘நெடுன்’ என்று நிறுத்திவிட்டு ‘ச்செழியன்’ என்று அழுத்துவார்கள். அது வேண்டாம். ழகரத்தை விடாதீர்கள்.

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ழகரத்துக்குத் தமிழ்நாட்டில் இசட் எச் போடுவது வழக்கம். இலங்கையில் எல் போடுவார்கள். தமிழ்நாட்டு வழக்கப்படி முழுதாக எழுதினால் 14 எழுத்து வரும். ‘யன்’ என்பதில் வரும் ‘ஒய்’யை விட்டு எழுதுபவர்களும் உண்டு. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்.

பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கெடு. பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதியலாம். பதிந்த 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அவசரப்படாமல் எழுத்துக்கூட்டலை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் தந்தை பெயரை எழுதுவது நல்லது. காலியாக விட இங்கே அனுமதி உண்டு. ஆனால் ஒற்றைப் பெயரோடு இருக்கும் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பெயரை உடைத்து இரண்டு கட்டத்தில் போடாமல் இருக்க இதுதான் வழி.

நட்சத்திரம், எண் கணிதம் எல்லாம் பொருந்துமா?

அனுஷ நட்சத்திரத்துக்கு ந, நி, நு, நே என்ற எழுத்துகள் சொல்வார்கள். அந்த வரிசையில் நகரத்தில் தொடங்குகிறது என்று சிலர் ஏற்றுக்கொள்வார்கள். எண் கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டிக் குறைப்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். 2,200 ஆண்டு நின்ற பெயருக்கு அந்தத் துணை தேவையில்லை.

தம்பிக்கு இணையாக என்ன பெயர் வைக்கலாம்?

நலங்கிள்ளி, செங்குட்டுவன், நெடுமாறன், இளஞ்சேரல். மூவேந்தரும் ஒரே வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தால் நெடுஞ்செழியனுக்கு அடுத்துக் கிள்ளியும் குட்டுவனும் நன்றாக இருக்கும். எனக்குப் பிடித்தது நலங்கிள்ளி.

வீட்டில் எப்படிக் கூப்பிடுவது?

செழியா. இதைவிடக் கூப்பிட எளிய பெயர் இருக்கிறதா? மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கும். ‘நெடு’ என்று மட்டும் சுருக்க வேண்டாம், அது அடை, செழியன்தான் பெயர். கோபத்தில் முழுப்பெயரையும் சொல்வோம்.

என் மகன் பேசத் தொடங்கியபோது யாராவது பெயர் கேட்டால் ‘நெஞ்செழியன்’ என்றான். டுகரம் மட்டும் வாயில் நிற்கவில்லை. நாங்கள் திருத்தவில்லை. ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, யாரும் கேட்காமல், முழுதாகச் சொன்னான்.